முகாம் வாசலில் ஒரு பலகை வையுங்கள்

1987 ஜூலை 1. இந்தியக் குடியுரிமைச் சட்டம் கோடு கிழித்து வைத்திருக்கும் தேதி இது. 1950 ஜனவரி 26 முதல் இந்தத் தேதிக்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்த குழந்தை, அதன் பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். வெளிநாட்டுத் தூதரின் பிள்ளை போன்ற மிகச் சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. மனுப் போட வேண்டாம், காத்திருக்க வேண்டாம், யாருடைய கருணையும் வேண்டாம். சட்டத்தின் 3-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்த ஈழத் தமிழர்களுக்கு மண்டபத்திலும் மற்ற முகாம்களிலும் பிள்ளைகள் பிறந்தன. 1987 ஜூலைக்கு முன்பு பிறந்த அந்தப் பிள்ளைகள் இன்று நாற்பதை ஒட்டிய வயதில் இருக்கிறார்கள். பேரன் பேத்தி எடுக்கப் போகிறவர்களும் இருப்பார்கள். முகாம் பதிவேட்டில் அவர்கள் இலங்கை நாட்டவர். மாதாமாதம் கணக்கெடுப்புக்கு வரிசையில் நிற்பவர்கள். வாக்குரிமை இல்லாதவர்கள். ஆனால் சட்டப் புத்தகத்தில், பிறந்த அன்றே அவர்கள் இந்தியர்கள்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. மண்டபம் முகாமில் 1986 ஏப்ரலில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்துவந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இவர் பிறப்பால் இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று உத்தரவிட்டார். பாஸ்போர்ட் வந்தது, பிறகு வாக்காளர் அட்டையும் வந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் விரலில் மை வைத்துக்கொண்டு வெளியே வந்த படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது.

அந்தப் படத்தை எல்லோரும் கொண்டாடினோம். எனக்கு அன்று மனதில் ஓடியது வேறு. அவருக்காக எந்தச் சட்டமும் திருத்தப்படவில்லை. அவர் பிறந்த நாளில் என்ன உரிமை இருந்ததோ அதைத்தான் 36 வயதில் நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. இடையில் கழிந்த அத்தனை ஆண்டுகளில் ஓர் அதிகாரியாவது அவரை அழைத்து, "அம்மா, நீங்கள் இந்தியக் குடிமகள், இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு இந்த அலுவலகத்துக்குப் போங்கள்" என்று சொல்லியிருந்தால் போதுமே. அப்படிச் சொல்வதற்கு அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

தஞ்சம் கேட்டு வந்தவருக்கு அரிசி கொடுக்கிறோம், உதவித்தொகை கொடுக்கிறோம், வீடு கட்டிக் கொடுக்கிறோம். நல்ல காரியம், நெஞ்சாரப் பாராட்டுகிறேன். ஆனால் வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரின் யோசனையைக் கேட்கவும், ஒரு தொண்டு நிறுவனத்தின் உதவியைப் பெறவும் உனக்கு உரிமை உண்டு என்று அவரிடம் சொல்வதை மட்டும் யாருடைய வேலையாகவும் நாம் வைக்கவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

எல்லை தெரிந்தவர்களின் ஊர்

பள்ளிப்பட்டிலிருந்து இதை எழுதுகிறேன். திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலை. கொசஸ்தலை ஆற்றங்கரை, விசைத்தறிச் சத்தம், வீட்டுக்குள் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ். கொஞ்ச தூரம் போனால் ஆந்திரத்து நகரி வந்துவிடும். மாவட்டத்தின் மறுகோடியில் கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையும் இருக்கிறது, தமிழ்நாட்டின் பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்றும் இருக்கிறது.

எல்லை என்றால் என்ன என்று எங்கள் ஊருக்குத் தெரியும். இந்தப் பகுதி முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திரம் தனி மாநிலமானபோது அதோடு போனது. வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது, படாஸ்கர் சமரசத் தீர்ப்பு வந்தது, 1959-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி வட்டாரம் தமிழகத்தோடு சேர்ந்தது. அந்தப் போராட்டத்தில் உள்ளூர்க்காரர்களின் உழைப்பு பெரிது. ஆனால் சென்னையிலிருந்து ம.பொ.சி. வந்து ஊர் ஊராகப் பேசாமல், யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று காட்டாமல், அது அந்த வடிவம் எடுத்திருக்காது. வெளியிலிருந்து வந்த குரலால் பயன் பெற்ற ஊர் இது. அதனால்தான் வெளி உதவி என்ற சொல்லை நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த எல்லை மாற்றத்தில் எங்கள் தாத்தா பாட்டிகள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மாநிலம் மாறியது, குடியுரிமை பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை. கடலைத் தாண்டி வந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு வாழ்க்கை

எங்கள் தெருவில் புது வீடு ஒன்றுக்குப் பெயிண்ட் அடிக்க கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். முகாம் ஆண்களில் ஏராளமானவர்களுக்குப் பெயிண்ட் வேலைதான் சோறு போடுகிறது. எங்கே வேலை என்றாலும் போவார்கள். ஆனால் 'செக்கிங்' நாளில் முகாமில் இருந்தாக வேண்டும். வருவாய் ஆய்வாளர் பதிவேட்டை விரித்துக் குடும்பம் குடும்பமாகப் பெயர் கூப்பிடும் நாள் அது. அன்று ஆள் இல்லையென்றால் உதவித்தொகைக்கு வில்லங்கம், பதிவுக்கும் வில்லங்கம்.

அவர்களில் ஒருவர், நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், பத்திரிகையில் எழுதுகிறவன் என்று கேள்விப்பட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் கவர். உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையில் வைத்தார். முகாம் குடும்ப அட்டை, ஓரம் நைந்து போனது. ஆதார். வங்கிப் புத்தகம். மனைவியின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், மடிப்பில் கிழிந்து செலோ டேப் ஒட்டியது. அதில் பிறந்த தேதி 1987 பிப்ரவரி. பிறந்த ஊர் மண்டபம்.

"நான் தொண்ணூறில மன்னாரிலிருந்து வந்தவன் அண்ணே. அவ இங்கேயே பிறந்தவ. திருச்சிப் பொம்பிளைக்குப் பாஸ்போர்ட் குடுத்த மாதிரி இவளுக்கும் குடுப்பினமா? பிறப்புச் சான்றிதழ் இல்லை. இது போதுமா?"

போதும் என்றோ போதாது என்றோ சொல்ல நான் வழக்கறிஞன் இல்லை. சொல்லக்கூடியதைச் சொன்னேன். முதலில் மண்டபத்தில் அந்த ஆண்டின் பிறப்புப் பதிவேட்டைத் தேடச் சொல்ல வேண்டும். பதிவு இல்லையென்றால், காலம் கடந்த பிறப்பைப் பதிவு செய்ய சட்டத்திலேயே வழி இருக்கிறது. நிர்வாக நடுவரின் உத்தரவு வேண்டும், அதற்கு ஆதாரங்கள் வேண்டும். இதையெல்லாம் ஒரு வழக்கறிஞரைப் பார்த்து ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

"வக்கீலுக்குக் காசுக்கு எங்க போறது?"

இலவசமாகக் கிடைக்கும், அரசே தருகிறது என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "எங்களுக்குமா? நாங்க இந்த ஊர்க்காரங்க இல்லையே."

முப்பத்தைந்து ஆண்டுகளாக இந்த மண்ணில் இருக்கிற மனிதர் அவர். இந்தக் கேள்வியை அவர் மட்டும் கேட்கவில்லை, முகாம்களில் பலர் மனதில் இதுதான் இருக்கிறது. அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று நிதானமாகவே பார்க்கலாம்.

சட்டம் சொல்வது இவர்களையும் சேர்த்துத்தான்

சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்தது. இலவச சட்ட உதவி யாருக்கு என்று 12-வது பிரிவு பட்டியல் போடுகிறது. வழக்குத் தொடுக்கவோ எதிர்கொள்ளவோ வேண்டிய 'ஒவ்வொரு நபருக்கும்' என்றுதான் அது தொடங்குகிறது. குடிமக்களுக்கு என்று இல்லை. அந்தப் பட்டியலில் பெண்கள் வருகிறார்கள், அவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. குழந்தைகள் வருகிறார்கள். மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் வருகிறார்கள். அதோடு, பேரிடர், சாதிக் கொடுமை, வெள்ளம், வறட்சி ஆகியவற்றுடன் சேர்த்து இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர்கள் என்றும் அச்சிட்ட எழுத்தில் இருக்கிறது.

இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் ஓடி வந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வரி சட்டத்தில் எங்கே கிடைக்கும்?

இந்தச் சட்டத்தில் 'சட்டப்பணி' என்றால் வழக்காடுவது மட்டும் இல்லை. எந்தச் சட்ட விஷயத்திலும் ஆலோசனை சொல்வதும் அதில் அடக்கம். ஆகவே வழக்கு இருந்தால்தான் போகலாம் என்று நினைக்க வேண்டாம். இந்தப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது, இதில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்கவும் போகலாம். வருமானத்தைக் காட்டி உதவி கேட்பவர் ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாலே பொதுவாகப் போதும் என்று 13-வது பிரிவு சொல்கிறது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 4-வது பிரிவு. மக்களிடம், குறிப்பாக நலிந்த பிரிவினரிடம், அவர்களுடைய உரிமைகளைப் பற்றிய விழிப்புணர்வை ஏற்படுத்துவதை அது ஆணைக்குழுவின் கடமையாகவே வைக்கிறது. வந்து கேட்டால் சொல்வோம் என்று உட்கார்ந்திருக்க அந்தப் பிரிவு இடம் தரவில்லை. போய்ச் சொல்ல வேண்டும்.

அரசியல் சாசனமும் இதே பக்கம்தான் நிற்கிறது. பேச்சுரிமை, விரும்பிய இடத்தில் குடியிருக்கும் உரிமை போன்றவற்றைத் தரும் 19-வது பிரிவு குடிமக்களுக்கு மட்டும். ஆனால் சமத்துவத்தைச் சொல்லும் 14, உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21, கைதானவர் தனக்குப் பிடித்த வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையைத் தரும் 22 ஆகிய பிரிவுகள் 'நபர்' என்றே பேசுகின்றன. அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொன்னது: குடிமகனாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மனிதரின் உயிரையும் அரசு காக்க வேண்டும்.

இத்தனையும் இருந்தும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, குடிமக்களுக்கு மட்டும்தான். தன் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது, தன் பெயர் ஏன் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்க முகாமில் இருப்பவருக்கு அந்தப் பத்து ரூபாய் மனுவைப் போட முடியாது. தகவல் யாருக்கு மிக அவசரமோ அவர்களுக்கே கதவு அடைபட்டிருக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் துணைக்கு வருவது இவர்களுக்கு ஏன் இத்தனை அவசியம் என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

கதவு சாத்தப்பட்ட ஆண்டுகள்

வெளியாட்கள் முகாமுக்குள் வருவது எப்போதும் இயல்பாக நடந்ததில்லை. ஈழத்திலிருந்து வந்தவர்களே 1984-ல் தொடங்கிய அமைப்பு, ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். ஈழத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் எஸ்.சி.சந்திரகாசன் அதை நடத்தினார். முகாம் பிள்ளைகளின் படிப்பு, பெண்களின் குழுக்கள், ஆவணங்கள் என்று அவர்கள் செய்த வேலைக்கு ஈடு இல்லை. இயேசு சபையின் அகதிகள் பணி அமைப்பும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்புகள் நடத்தியது.

1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன் பிறகு முகாம்களின் மேல் விழுந்த இருட்டு நீண்டது. கெடுபிடி அதிகமானது, தொண்டு நிறுவனங்கள் உள்ளே நுழையத் தடைகள் வந்தன. 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. அடுத்த மூன்று ஆண்டுகளில் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். விருப்பப்பட்டுத்தான் போகிறார்களா, வேறு வழியில்லாமல் தலையாட்டுகிறார்களா என்று கேட்க முகாமுக்குள் நடுநிலையான ஆள் இல்லை.

கேட்டவர்கள் வெளியில் இருந்தவர்கள். பழ.நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அகதிகள் மனமுவந்து போகிறார்களா என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் சோதித்துப் பார்க்க அனுமதிக்க வேண்டும், போக விரும்பாதவர்களை முகாமிலேயே இருக்க விட வேண்டும் என்பது கோரிக்கை. 1992-லேயே ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து அந்தப் பொறுப்பை ஏற்றது. உலக அமைப்பு ஒன்று விருப்பத்தைக் கேட்டறிகிற நிலையில் அதற்கு மேல் தான் ஆராய வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அதே நேரத்தில், அந்த வழக்கும் அந்த அலுவலகமும் இல்லாமல் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் பேச்சு மூச்சில்லாமல் கப்பலேற்றப்பட்டிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஐ.நா. ஆணையத்தைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கேளம்பாக்கத்தில் இருக்கும் ரோஹிங்கியாக்களுக்கு அகதி அட்டை கொடுப்பது அந்த ஆணையம். முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களைப் பதிவு செய்வதும் பராமரிப்பதும் இந்திய அரசும் தமிழ்நாடு அரசும். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று உள்நாட்டுச் சட்டமும் கிடையாது. எனவே இங்கே எல்லாம் உத்தரவுகளாலும் சுற்றறிக்கைகளாலும் நடக்கிறது. உத்தரவு மாறினால் வாழ்க்கை மாறும். மாறிய உத்தரவு எது என்று தெரியாதவர் முகாமுக்குள் கண்ணைக் கட்டி விட்டதுபோல் நிற்பார்.

தெரியாவிட்டால் என்ன ஆகும்?

அண்மைய உத்தரவையே எடுத்துக்கொள்ளுங்கள். குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1-ல் அமலுக்கு வந்தது. கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதோடு வந்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு அந்த விதிகளிலிருந்து விலக்கு தரப்பட்டது. இது பெரிய நிம்மதி. ஆனால் அந்த ஆணையில் 'பதிவு' என்ற சொல் இருக்கிறதே, அதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பதிவு விட்டுப்போனவர், முகாம் மாறியதில் பெயர் விடுபட்டவர், திருமணமாகி வேறு முகாமுக்குப் போய்ச் சேர்க்காமல் இருப்பவர் எல்லோரும் இன்றே தங்கள் காகிதங்களைச் சரிபார்க்க வேண்டும். இலங்கையில் பொருளாதாரம் சரிந்து 2022 மார்ச்சில் தனுஷ்கோடி வந்திறங்கத் தொடங்கியவர்கள் இந்தத் தேதிக்குள் வரவே மாட்டார்கள். அவர்களுக்குத் தனி வழி தேட வேண்டும்.

விலக்கு என்றால் குடியுரிமை என்று சிலர் எண்ணிவிட்டார்கள். இல்லை. தண்டனையிலிருந்து விலக்கு, அவ்வளவுதான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. இலங்கைத் தமிழர் அதில் இல்லை. இது அநீதி என்பது என் உறுதியான கருத்து.

முகாம்களில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன இந்தியத் தமிழர்களின் வழிவந்த மலையகத் தமிழர்கள் தனியே ஒரு கூட்டம் இருக்கிறார்கள். 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வேண்டும். எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தக் கணக்குகளுக்கு நடுவே விடுபட்டு, பிறகு கலவரத்தில் அடிபட்டு இங்கே வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். 2019 ஜூனில் மதுரைக் கிளை, அப்படிப்பட்ட 65 பேரின் வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி உத்தரவிட்டது. அவர்கள் கொள்ளுத்தாத்தா ராமநாதபுரத்திலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ தேயிலைத் தோட்டத்துக்குப் போன கதையைக் காகிதத்தால் நிறுவ வேண்டும். பழைய தோட்டத்துச் சீட்டு ஒன்று, ஒரு கடவுச்சீட்டின் கிழிந்த பக்கம் ஒன்று, எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது. இதைச் சொல்ல ஆள் வேண்டாமா?

ஊர் திரும்ப நினைப்பவர்களுக்கும் யோசனை தேவை, சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. 2025 மே மாத இறுதியில், தமிழ்நாட்டு முகாமிலிருந்து ஐ.நா. ஆணையத்தின் உதவியோடு முறையாகத் திரும்பிய ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். எப்போதோ போர்க்காலத்தில் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறியதுதான் குற்றம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர் எந்த அலுவலகத்தில் போய்க் கடவுச்சீட்டுக்கு மனுப் போட்டிருப்பார்? எதிர்ப்புக் கிளம்பியது, அமைச்சர்கள் பதில் சொல்ல வேண்டி வந்தது. ஆனால் முகாமில் மூட்டை கட்டி வைத்திருந்த குடும்பங்கள் அதைக் கேட்டுத் திகைத்துப் போயின. போவதற்கு முன் இரு நாட்டுச் சட்டமும் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து பேசுவது எத்தனை அவசியம் என்று அந்தக் கைது காட்டிவிட்டது.

சரியான யோசனை கிடைக்காத இடத்தில் ஏஜென்ட் வந்து உட்காருவான். கனடா என்பான், ஆஸ்திரேலியா என்பான், லட்சக்கணக்கில் வாங்குவான். 2021 அக்டோபரில் 89 ஈழத் தமிழர்கள் ஏறிய படகு கனடாவுக்கென்று புறப்பட்டு இந்தியப் பெருங்கடலில் பழுதாகி, தியகோ கார்சியா தீவில் கரை சேர்க்கப்பட்டது. அது பிரிட்டனின் ஆளுகையில் இருக்கும் ராணுவத் தீவு. வேலி போட்ட கூடாரங்களில் எலிகளோடு மூன்று ஆண்டுகள். லண்டன் வழக்கறிஞர்கள் இந்தத் தமிழர்களுக்காக நீதிமன்றம் ஏறினார்கள். 2024 டிசம்பரில் அவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதே மாதம், அவர்களைத் தடுத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்தத் தீவு அடங்கிய பிரிட்டிஷ் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நடுக்கடல் தீவில் மாட்டிக்கொண்டவர்களுக்கே வெளி உதவி வந்து சேர முடியுமென்றால் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் கும்மிடிப்பூண்டிக்கு ஏன் வரக் கூடாது?

ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் போட்ட சட்டத்தில் இதை எழுதியே வைத்தது. தஞ்சம் கேட்பவருக்கு நடைமுறையையும் உரிமைகளையும் அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும், ஐ.நா. ஆணையத்தையோ சட்ட யோசனை தரும் அமைப்பையோ தொடர்புகொள்ளும் வாய்ப்பை மறுக்கக் கூடாது என்று அதன் 12-வது பிரிவு சொன்னது. ஐரோப்பா அகதிகளை நடத்தும் விதத்தில் குறை ஆயிரம் உண்டு. ஆனாலும் சொல்வதைக் கடமையாக்கியது சரி. இங்கே அதற்கு மொழிப் பிரச்சினைகூடக் கிடையாது. வந்தவர் மொழியும் நம் மொழியும் ஒன்றுதான்.

இனி செய்ய வேண்டியது

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் வைத்த கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு 34,087 பேர். அன்று 317 கோடி ரூபாய்த் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. 7,469 வீடுகள் புதிதாகக் கட்டுவது அதில் முக்கியமானது. உதவித்தொகை உயர்ந்தது. ஆலோசனைக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. இவ்வளவு செய்த அரசுக்கு நான் கேட்பது பெரிய காரியம் இல்லை.

2024 அக்டோபர் 23-ல் சுகாஸ் சக்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. காவல் நிலையம், அஞ்சல் நிலையம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற பொது இடங்களில், அருகில் உள்ள சட்ட உதவி அலுவலகத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகை வைக்க வேண்டும். முகாம் வாசல் பொது இடம் இல்லையா? கும்மிடிப்பூண்டி முகாமிலும், முன்பு எங்கள் மாவட்டத்தோடு இருந்த புழல் முகாமிலும், தனித்துணை வட்டாட்சியர் வந்து உட்காரும் அறைக்கு வெளியே அந்தப் பலகையை வைக்கலாம். திருவள்ளூர் ஆட்சியர் மனது வைத்தால் ஒரு வாரத்து வேலை.

செக்கிங் நாளில் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். அந்த நாளில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஒரு வழக்கறிஞரை அனுப்பி மேசை போட்டு உட்கார வைக்கட்டும். சட்டத் தன்னார்வலர்கள் என்று ஊர் ஊருக்குப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். முகாமில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகளில் சிலருக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்தால், அடுத்த வீட்டு அம்மா நள்ளிரவில்கூடக் கதவைத் தட்டிக் கேட்பார். 1987 ஜூலைக்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர்கள் யார் யார் என்று மறுவாழ்வுத் துறை தன் பதிவேட்டிலிருந்தே பெயர் எடுத்து, ஒவ்வொருவருக்கும் தமிழில் கடிதம் எழுத வேண்டும். அவர்களின் பிள்ளைகளில் சிலருக்கும் அதனால் உரிமை உண்டு. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலே குடியுரிமை வந்துவிடும். ஒரு தாயின் காகிதம் சரியானால் அந்தக் காலத்தில் அவர் பெற்ற மகனோ மகளோ கல்லூரியிலும் வேலையிலும் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

கடைசியாக வாசகர்களுக்கு. உங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வருபவர், சிப்காட்டில் உங்களோடு ஷிப்ட் பார்ப்பவர், உங்கள் பிள்ளையோடு கல்லூரியில் படிப்பவர் முகாமைச் சேர்ந்தவராக இருந்தால், 15100 என்ற எண்ணை அவருக்குக் கொடுங்கள். அது தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண். திருவள்ளூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது, வட்ட அளவிலும் குழுக்கள் இருக்கின்றன. தனியாகப் போகத் தயங்கினால் கூடப் போங்கள். தகவல் அறியும் மனுவை அவர்களால் போட முடியாது, உங்களால் முடியும். முகாம்களில் சட்ட விழிப்புணர்வு முகாம் கடைசியாக எப்போது நடந்தது, அறிவிப்புப் பலகை எங்கெங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று உங்கள் பெயரில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஒரு மனு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.